பிணத்துக்கு நாலெல்லை எழுதியவர்

துப்பறியும் கதை எழுதியவர்கள் உலகத்தில் ஆயிரம் பேர் இருப்பார்கள். கையில் கிடைத்த அச்சுத்தாளையெல்லாம் படித்துவிடுகிற வியாதி எனக்கு உண்டு. கடலைப் பொட்டலத்தின் தாளைக்கூட விடுவதில்லை. அந்த அனுபவத்தில் தைரியமாகச் சொல்கிறேன். பிணம் கிடந்த இடத்துக்குக் கிழக்கு, தெற்கு, மேற்கு, வடக்கு என்று நான்கு எல்லையும் எழுதி, அங்கே நிற்கும் தென்னையையும் பலாவையும் எண்ணிப் போட்டு, 'இந்நான்கெல்லைக்கு உட்பட்ட மேற்படி இடத்தில் மேற்படியான் இறந்து கிடந்தான்' என்று கதையைத் தொடங்கியவர் ஒரே ஒருவர்தான். அவர் எங்கள் ஊர்க்காரர்.

எங்கள் ஊர் பாறசாலைக்கும் நெய்யாற்றின்கரைக்கும் நடுவில் இருக்கிறது. அந்த நாளில் பஸ் அங்கே நின்றாலும் நிற்கும், டிரைவரின் மனநிலையைப் பொறுத்து நிற்காமலும் போகும். அவர் நெய்யாற்றின்கரையில் ஒரு மாமரத்தடியில் சாய்வுப்பெட்டி வைத்து ஆதாரம், அதாவது நிலப் பத்திரம், எழுதிக்கொண்டிருந்தார். நிலம் விற்கிறவர், வாங்குகிறவர், பாகம் பிரிக்கிறவர் எல்லோரும் அவரைத்தான் தேடி வருவார்கள். அவருக்கு ஞானஸ்நானப் பெயர் ஒன்று உண்டு. சபைப் பதிவேட்டில் நானே பார்த்திருக்கிறேன். அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் அவரே திரும்பிப் பார்க்க மாட்டார். ஊருக்கு அவர் நாலெல்லையார்.

தொழில் அவருக்குக் கையோடு நிற்கவில்லை, நாக்குக்கும் ஏறிவிட்டது. ஒரு செவ்வாய்க்கிழமை காலை வயிற்றுவலி என்று வைத்தியரிடம் போனார். துணைக்கு நான் போயிருந்தேன்.

"எங்கவே நோவுது?" என்று கேட்டார் வைத்தியர்.

"வடக்கே விலா எலும்பு, தெக்கே தொப்புள், கிழக்கே..." என்று தொடங்கி, சட்டென்று நிறுத்தி, "வைத்தியரே, நான் ஜன்னலப் பாத்து நிக்கணுமா, கதவப் பாத்து நிக்கணுமா? திரும்பி நின்னா கிழக்கு மாறிப்போவும்லா" என்றார்.

வைத்தியர் கையிலிருந்த குப்பியைக் கீழே வைத்தார். "ஓய், ஒமக்கு மருந்து தரவா, இல்ல வயித்தப் பதிவு செய்து தரவா?"

இந்த மனிதர் துப்பறியும் கதை எழுதப் புறப்பட்டதற்குக் காரணம் குருவிகள். சபைக் கோயிலுக்குப் பின்னால் தொடங்கி, அயனிவிளை என்ற தோட்டத்தின் வடக்கு ஓரமாக, ஏலா என்று நாங்கள் சொல்லும் வயல்வெளி வரைக்கும் ஒரு நடைவழி இருந்தது. தினமும் விடிந்ததும் அந்த வழியே போய் ஒன்றரை மணி நேரம் குருவி பார்த்துவிட்டுத்தான் பஸ் ஏறுவார். கையில் ஒரு பித்தளைக் குழல் இருக்கும். யாரோ ஒரு சர்வேக்காரர் தூக்கிப் போட்டுவிட்டுப் போனது அது. அதில் ஒரு கண்ணாடி கீறியிருந்ததால் எல்லாக் குருவிக்கும் வயிற்றில் ஒரு கோடு தெரியும். அதை மனத்திலேயே கழித்துக்கொள்வார்.

"மனுசன் புதுசா ஒரு குத்தமும் கண்டுபிடிக்கல்ல, கேட்டியா மக்கா" என்பார் என்னிடம். "எல்லாம் குருவி செய்ததாக்கும். நாம பாத்துக் காப்பி அடிக்கோம்."

குயில் காக்கைக் கூட்டில் முட்டையிடுவதைப் பார்த்தார். பிரசவ அறையில் பிள்ளை மாறி, இருபது வருஷம் கழித்து ஒரு சொத்துக்காகக் கொலை விழுகிற கதை வந்தது. கீச்சான் குருவி வெட்டுக்கிளியை முள்ளில் குத்தி வைப்பதைப் பார்த்தார். அந்தக் கதையைக் கேட்ட பிறகு எங்கள் ஊர்ப் பெண்கள் ஒரு மாதம் முள்வேலியில் துணி காயப்போடவில்லை. ஒற்றசேகரமங்கலத்துக்கு அப்பால் மலையோரத்தில், இருவாச்சிப் பெட்டை மரப்பொந்துக்குள் புகுந்து, அலகு நீட்ட ஓட்டை மட்டும் விட்டு மண்பூசி அடைத்துக்கொள்வதைப் பார்த்துவிட்டு வந்தார். அடுத்த வாரமே, உள்ளே பூட்டிய அறையில் ஒரு கொலை. மடையான் கொக்கு வயல் வரப்பில் அசையாமல் நிற்கும்போது ஒருவர் கண்ணுக்கும் படாது; பறந்தால்தான் வெள்ளை தெரியும். அதிலிருந்து, எல்லோருக்கும் நடுவில் சும்மா நின்றுகொண்டே இருந்த ஒரு கொலைகாரன் பிறந்தான்.

இத்தனை குற்றத்தையும் துப்பறிந்தவர் போலீஸ்காரர் அல்ல, ஒரு கோர்ட் ஆமீன். நோட்டீஸ் ஒட்டவும் ஜப்தி செய்யவும் வீடு வீடாகப் போகிறவர். ஏன் ஆமீன் என்று கேட்டேன். "எல்லா வீட்டு வாசலும் தெரியும், ஒருத்தனும் உள்ள கூப்பிட மாட்டான். துப்பறிய இத விட வசதி உண்டா?" என்றார்.

நான் அப்போது கோர்ட்டில் நகல் எழுதும் குமாஸ்தா. வெள்ளிக்கிழமை அவர் ஒரு அத்தியாயத்தை என்னிடம் தருவார். அவர் கையெழுத்து ஆதாரத்தில் முத்துப்போல இருக்கும். கதையில் கொலை நெருங்க நெருங்கக் கோழி கிளறியது போலாகிவிடும். நான் அதை மூன்று பிரதி எழுதுவேன். அலுவலகப் பழக்கத்தில் ஒவ்வொன்றின் அடியிலும் 'அசலுக்கு நேரான நகல்' என்று எழுதி, தேதி போட்டு, கையொப்பமும் இட்டுவிடுவேன். கொலைக்கதைக்கு இதெல்லாம் எதற்கு என்று யாரும் கேட்கவில்லை. தேதியில்லாத தாள் தாளே அல்ல என்பது அன்றும் இன்றும் என் கொள்கை.

சனிக்கிழமை மாலை ஐந்து மணிக்குச் செல்லையனின் டீக்கடையில், எங்கள் பேச்சில் சாயக்கடையில், அது வாசிக்கப்படும். செல்லையன் தமிழில் ஒரு வரி வாசித்து, அதே மூச்சில் மலையாளத்தில் ஒருமுறை சொல்லுவார். கடையில் இரண்டு பெஞ்சுகள். அந்த வருஷங்களில் எங்கள் பக்கம் முழுவதும் ஒரே பேச்சுத்தான்: தெற்குத் தாலுக்காக்கள் மதராசோடு சேருமா, சேர்ந்தால் எல்லைக்கல் எங்கே விழும், நெய்யாற்றின்கரை எந்தப் பக்கம்? ஊர்வலம், கடையடைப்பு, அடிதடி எல்லாம் நடந்தன. அவற்றில் சிரிக்க முடியாதவையும் உண்டு. அவற்றை வேறொரு நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன். சாயக்கடையைப் பொறுத்தவரை கிழக்குப் பெஞ்சு மதராஸ், மேற்குப் பெஞ்சு திருவனந்தபுரம். ஒரு பெஞ்சில் இருப்பவர் மற்றப் பெஞ்சிடம் தீப்பெட்டி கூடக் கேட்க மாட்டார். ஆனால் சனிக்கிழமை ஐந்து மணிக்கு இரண்டும் ஒரே பக்கமாகத் திரும்பி உட்காரும்.

அப்படியிருக்கையில், கன்னி மாதம், அதாவது புரட்டாசியில், ஒரு புதன்கிழமை, நடைவழி அடைபட்டது. வியாழன் என்று சொல்கிறவர்கள் உண்டு. அவர்கள் சொல்வது தவறு.

அடைத்தவர் அயனிவிளை முதலாளி. தம் தோட்டத்தின் வடக்கு வேலியைப் பிடுங்கி, வழிக்கு அப்பால் அடுத்தவர் மதிலோரமாகக் கொண்டுபோய் நட்டுவிட்டார். வழி முழுசாக உள்ளே போய்விட்டது. முதலாளியைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். கொடுமைக்காரர் அல்ல. கோயில் விளக்குக்கு எண்ணெய் தருவார், சாவு வீட்டுக்கு முதலில் வருவார். ஆனால் ஒரு துண்டு மண்ணைக் காட்டி 'இது உங்களுடையதா?' என்று கேட்டால், 'இல்லை' என்று சொல்ல அவர் வாய்க்குத் தெரியாது. திருவனந்தபுரத்துக்கு பஸ்ஸில் போகும்போது வழியில் நல்ல தென்னந்தோப்பைப் பார்த்து யாராவது "முதலாளிக்கதா?" என்று கேட்டாலும், பதில் சொல்லாமல் மீசையைத் தடவுவார்.

அயனிவிளை விலைக்கு வாங்கியதல்ல, தலைமுறையாக வந்தது. அதனால் அதற்கு ஆதாரமே இல்லை. எல்லை எந்தத் தாளிலும் எழுதப்படவில்லை. ஒற்றையடி வழிகளைச் சர்வேக்காரர்களும் வரைவதில்லை. இது முதலாளிக்குத் தெரியும்.

ஊரார் ஏலாவுக்கும் அதற்கு அப்பாலுள்ள பள்ளிக்கூடத்துக்கும் இனி ரோட்டைச் சுற்றித்தான் போகவேண்டும். எல்லோரும் முணுமுணுத்துக்கொண்டு சுற்றினார்கள். நாலெல்லையாரால் மட்டும் முடியவில்லை. ரோட்டில் காக்கை தவிர என்ன இருக்கிறது? அதிலும் அது ஆறுமணிக்குருவி வரும் மாதம். வடக்கே எங்கிருந்தோ வந்து, நம் புதர்களில் தங்கி, காலை ஆறுக்கும் மாலை ஆறுக்கும் இரட்டைச் சீழ்க்கை அடித்துவிட்டு, கோடை முடிகையில் திரும்பிவிடும் பறவை. ஒவ்வொரு வருஷமும் அது வந்த தேதியை ஒரு நோட்டில் எழுதி வைத்திருந்தார். என்னைப் போல ஒருவருக்கு அதைவிடப் புனிதமான நோட்டு கிடையாது. அந்த வருஷத்துக் கட்டம் வெறுமையாகக் கிடந்தது.

"அண்ணே, முந்தாநாள் என் வீட்டுப் பின்னால சத்தம் கேட்டேன். அந்தத் தேதியைப் போடுங்களேன்" என்றேன்.

"நீ கேட்டத நான் எழுதினா அது கேள்விச் சாட்சியாக்கும். கட்டம் காலியாக் கெடக்கட்டும்" என்று நோட்டை மூடிவிட்டார்.

குருவி நின்றதும் கதை நின்றது. முதல் சனிக்கிழமை அத்தியாயம் வரவில்லை. இரண்டாவது சனிக்கிழமையும் வரவில்லை. அப்போதுதான் ஊருக்கு உண்மையான கோபம் வந்தது. சுற்றி நடப்பதைப் பொறுத்துக்கொண்டவர்கள், நடுவில் நின்ற கொலைக்கதையை ஒரு வாரத்துக்கு மேல் பொறுக்கவில்லை.

"வழி வேணும்வே! வழி வந்தா குருவி வரும், குருவி வந்தா கதை வரும்!" என்று கிழக்குப் பெஞ்சு எழுந்தது. மேற்குப் பெஞ்சும் எழுந்தது. மனு எழுதினோம். எழுதியது நாலெல்லையார்தான். முதலாளி பதில் மனு போட்டார்: 'என் விளையின் வடக்கு எல்லை அடுத்தவர் மதில். நடுவில் வழி என்று ஒன்று எந்தக் காலத்திலும் இருந்ததில்லை.' காகிதத்துக்கு எதிராகக் காட்ட எங்களிடம் காகிதம் இல்லை. ஊரில் நாலு பெரிய மனிதர்களிடம் போனோம். எல்லோரும் ஒரே பதிலைத்தான் சொன்னார்கள்.

"மொதல்ல ஊரு எந்த ராஜ்ஜியம்னு தீரட்டும். பொறவு வழியப் பாப்போம்."

மாநிலம் பிரிகிற வரைக்கும் கொலைகாரன் காத்திருப்பானா? நாலெல்லையார் தாமே ஒரு நாள் பேனாவை எடுத்துவிட்டார். ஞாபகத்திலிருந்தே எழுதினார். பாதியில் நின்றதை விட்டுவிட்டுப் புதுக் கதை; பெயர் 'ஆறுமணிச் சாட்சி'. வெள்ளிக்கிழமை முதல் அத்தியாயம் என் கைக்கு வந்தது. படித்தேன். எனக்கு வியர்த்தது.

கர்க்கடக மாதம், அதாவது ஆடி, விடிகாலை. ஒரு பிணம். 'கிழக்கே செல்லையன் வகை மரச்சீனி விளை. தெற்கே ஏலாவுக்குத் தண்ணீர் போகும் ஓடை. மேற்கே சபைக் கல்லறைத் தோட்டத்து மதில். வடக்கே ஊர் நடைவழி. இந்நான்கெல்லைக்கு உட்பட்ட மேற்படி இடத்தில், அயனி மரம் பதினொன்றில் தெற்கிலிருந்து மூன்றாவது மரத்தடியில், மேற்படியான் இறந்து கிடந்தான்.'

"அண்ணே, இது முதலாளியோட அயனிவிளை."

"அப்படியா?" என்றார். உண்மையிலேயே யோசித்தார். "ஆமாலா."

"எல்லையை மாத்துங்க. கதைதானே?"

தாளை வாங்கி வைத்துக்கொண்டு மாலை வரைக்கும் உட்கார்ந்திருந்தார். 'வடக்கே' என்று எழுதுவார், பேனா நின்றுவிடும். 'வடக்கே குளம்' என்று ஒருமுறை எழுதி, பார்த்து, அடித்தார். கடைசியில் தாளைத் திருப்பித் தந்தார்.

"கை வரமாட்டேங்குது மக்கா. ஆளக் கொல்லச் சொல்லு, கொல்லுறேன். எல்லையப் பொய்யா எழுத முடியாது."

நான் மூன்று பிரதி எழுதினேன். தேதி போட்டேன். கையொப்பமும் போட்டேன்.

சனிக்கிழமை செல்லையன் 'வடக்கே ஊர் நடைவழி' என்று வாசித்தபோது கடையில் பாலாடை விழும் சத்தம் கேட்டது. "மரச்சீனி விளை எனக்கதுலா!" என்று செல்லையனே நடுவில் கத்திவிட்டார். "மேற்கே நம்ம கல்லறைத் தோட்டம்" என்றது ஒரு குரல். பிறகு இரண்டு பெஞ்சும் சேர்ந்து, "அப்பம் பொணம் கெடக்கது அயனிவெளையில!"

அதோடு விஷயம் முடியவில்லை. பிணம் எந்த மாநிலத்துக்குப் போகும் என்று விவாதம் வந்தது. ஓடை வழியாக எல்லைக்கல் விழுந்தால் பிணம் கேரளம், கல்லறை வழியாக விழுந்தால் மதராஸ் என்று ஒருவர் கணக்குச் சொன்னார். "அப்பம் தலை மதராசு, காலு கேரளமானா?" என்று கேட்ட ஒருவரை இரண்டு பெஞ்சும் சேர்ந்து வெளியே அனுப்பின.

மறுநாள் ஞாயிறு. ஆராதனை முடிந்து வெளியே வருகிறோம், முதலாளி வாசலில் நிற்கிறார்.

"எலே எழுத்துக்காரா! எனக்க வெளையில பொணத்தப் போட ஒனக்கு யாருலே அதிகாரம் தந்தது?"

"மொதலாளி, அது கதையாக்கும்."

"கதையா? கதைக்கு எதுக்குலே பதினோரு அயனி? எனக்க மவனுக்கு ஒற்றசேகரமங்கலத்துல பொண்ணு பேசி வச்சிருக்கேன். பொண்ணுக்க அப்பன் கேக்காரு, ஒங்க வெளையில பொணம் கெடந்துதாமே, நெசமான்னு!"

"பொணந்தான் சங்கடம்னா, அடுத்த அத்தியாயத்துல எழுப்பி விடுறேன். மயக்கம்னு எழுதிடலாம்" என்றார் நாலெல்லையார் பணிவாக. "எல்லைய மட்டும் மாத்தச் சொல்லாதயும்."

முதலாளி மனு அனுப்பினார். எங்கெல்லாம் அனுப்பலாமோ அங்கெல்லாம் அனுப்பினார். தம்முடைய சொத்தை அவதூறாக எழுதிய இந்த ஆள் இனி ஆதாரம் எழுதக்கூடாது, லைசென்சைப் பறிக்க வேண்டும் என்பது கோரிக்கை. மாமரத்தடியில் அவர் இடத்துக்கு ஆசைப்பட்ட இன்னொரு எழுத்துக்காரர்தான் அதை எழுதிக்கொடுத்தார். என் நகல் ஒன்றையும் கூடவே இணைத்திருந்தார்கள். 'அசலுக்கு நேரான நகல்', என் கையொப்பத்தோடு. அன்று முதல் எனக்குத் தூக்கம் இல்லை. நாலெல்லையாருக்கு வேறு தொழில் தெரியாது. விவசாயம் செய்யப் போனால் மண்வெட்டியைப் போட்டுவிட்டு வானம் பார்ப்பார். அவர் லைசென்ஸ் என்னால் போகப்போகிறது.

ஊர் வழிக்காகப் போட்ட மனு, முதலாளி கதைக்கு எதிராகப் போட்ட மனு இரண்டிலும் ஒரே ஆட்கள், ஒரே இடம் என்பதால், இரண்டையும் ஒரே அதிகாரியிடம் விசாரணைக்குக் கொடுத்திருந்தார்கள். மீன மாதம், அதாவது பங்குனி, வெள்ளிக்கிழமை, காலை பதினொன்று. நெய்யாற்றின்கரைக்கு ஊரே பஸ் ஏறியது. முதலாளி தமக்கு நேர்ந்த நஷ்டத்துக்குச் சாட்சியாகப் பெண்ணின் அப்பாவையும் ஒற்றசேகரமங்கலத்திலிருந்து வரவழைத்திருந்தார்.

அதிகாரி மலையாளி. மூக்கின் நுனியில் கண்ணாடி, முகத்தில் ஒரு சலனமும் இல்லை. நகலில் கையொப்பமிட்டவன் நான் என்பதால் என்னையே வாசிக்கச் சொன்னார். ஒரு சர்க்கார் கச்சேரியில், எழுந்து நின்று, கனத்த குரலில் ஒரு கொலைக்கதையை வாசித்த குமாஸ்தா என்னைத் தவிர வேறு யாரும் இருக்க முடியாது. சேவகர்கள் ஜன்னலில் கூடிவிட்டார்கள். கொலையைப் பார்த்ததாக ஒருவன் சாட்சி சொல்கிற இடம் வரைக்கும் வாசித்து முடித்தேன்.

அதிகாரி முதலாளியைப் பார்த்தார். "நாலதிரும் சரியாணோ?"

"நாலெல்லையும் அணு பிசகாது எசமானே! இவன் எழுதினது எனக்க வெளையத்தான், வேற எவனுக்கதும் இல்ல. மனுவுல எழுதி ஒப்பும் போட்டிருக்கேன்."

உண்மைதான். மனு எழுதிக்கொடுத்தவரும் ஆதாரமெழுத்துக்காரர் அல்லவா? எல்லை எழுதாமல் நிலத்தைப் பற்றி ஒரு வரி எழுத அந்த இனத்தால் முடியாது. கதையில் இருந்த நாலெல்லையையும் அப்படியே மனுவில் இறக்கி, 'மேற்படி எல்லைகள் முழுவதும் சரி' என்று முடித்திருந்தார்.

அதிகாரி இரண்டாவது கட்டை அவிழ்த்து, முதலாளியின் பழைய பதில் மனுவை எடுத்து, புதிய மனுவின் பக்கத்தில் வைத்தார். மெதுவாகச் சொன்னார்: "இந்தத் தாளில், வடக்கே வழி இல்லவே இல்லை என்கிறீர்கள். இந்தத் தாளில், வடக்கே ஊர் நடைவழி, அது சரி என்கிறீர்கள். இரண்டிலும் உங்கள் கையொப்பம். கதையில் வரும் இடம் உங்களுடையது அல்ல என்று சொன்னால் இந்தப் புகாரைத் தள்ளிவிடுவேன், வழி இல்லை என்ற உங்கள் பேச்சும் நிலைக்கும், வீட்டுக்குப் போகலாம். உங்களுடையது என்றால் வழி உண்டு. எது?"

முதலாளி தப்பிக்க ஒரே ஒரு வார்த்தை போதும். அதைச் சொன்னால் எங்கள் வழி அன்றோடு முடிந்தது. இதைவிட நல்ல சாட்சி எங்களுக்கு இனிக் கிடைக்கப் போவதில்லை. நாலெல்லையார் பேனாவை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றார். செல்லையன் கண்ணை மூடி ஜெபிக்கத் தொடங்கிவிட்டார்.

பெண்ணின் அப்பா முதலாளியின் காதருகே குனிந்தார். மெதுவாகத்தான் சொன்னார், ஆனால் கச்சேரியே கேட்டது. "எனக்கதில்லன்னு சொல்லிப்போடும்வே. பொணமும் போவும், கேஸும் போவும்."

முதலாளி வாயைத் திறந்தார், மூடினார். மறுபடி திறந்தார். 'எனக்க...' என்று வந்தது, நின்றது. அந்த 'இல்ல' தொண்டை வரைக்கும் வந்து திரும்பிப் போவதை நாங்கள் எல்லோரும் கண்ணால் பார்த்தோம். மூன்றாவது முறை மேசையில் ஓங்கி ஒரு குத்து.

"எனக்கதாக்கும்! அயனிவெள எனக்கதாக்கும்! அப்பன் பாட்டன் காலம் முதலே எனக்கதாக்கும்!"

"பிணத்தோடவா?" என்றார் அதிகாரி.

"பொணத்தோட!"

அதற்குப் பிறகு அதிகாரி பேசியதில் பாதி கேட்கவில்லை. இரண்டு பெஞ்சும் ஒன்றையொன்று கட்டிப்பிடித்துக்கொண்டிருந்தன. நான் குறித்துக்கொண்டது இவ்வளவு: வழியை ஒரு வாரத்துக்குள் திறக்க வேண்டும். எல்லையைச் சரியாக எழுதினான் என்பதற்காக ஒரு ஆதாரமெழுத்துக்காரனின் லைசென்சைப் பறிக்க எந்த விதியும் இல்லை. மேலும், கோப்பு முழுமையாக இருக்க வேண்டுமாம், ஆகவே மீதி அத்தியாயங்களின் நகலையும் ஒவ்வொன்றாக அனுப்பி வைக்கவும்.

வெளியே வந்ததும் பெண்ணின் அப்பா நாலெல்லையாரின் தோளைப் பிடித்து நிறுத்தினார். சண்டைக்குத்தான் வருகிறார் என்று நான் நடுவில் போனேன்.

"கல்யாணத்தப் பொறவு பேசலாம்" என்றார் அவர். "கொன்னது யாராக்கும்? சாட்சி சொன்னவன், ஆறுமணிக்குருவி கூப்பிட்டப்பம் பாத்தேங்கான். எனக்கு அவன நம்பவும் முடியல்ல, விடவும் முடியல்ல."

நாலெல்லையார் சுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "கொல நடந்தது எந்த மாசம்?"

"கர்க்கடகம்."

"கர்க்கடகத்துல ஆறுமணிக்குருவி இந்த நாட்டுல ஏதுவே?"

அவர் பஸ் நிறுத்தம் வரைக்கும் யோசித்துக்கொண்டு போனார். திடீரென்று நெற்றியில் அறைந்துகொண்டு, "அப்பம் சாட்சிக்காரனே!" என்று கத்தியதில் ஒரு ஆடு கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடியது. கல்யாணமும் நடந்தது. பேச்சைத் திரும்பத் தொடங்கியவர் அவர்தான்.

எல்லாம் திட்டம் போட்டுச் செய்ததா என்று ஊர் முழுவதும் அவரைக் கேட்டது. செல்லையன் கேட்டார், வைத்தியர் கேட்டார், நானும் கேட்டேன். "திட்டமா? எனக்கா? வடக்கே வழி கெடந்துது, எழுதினேன்" என்றார். நம்பாதவர்கள் உண்டு. அந்த வெள்ளிக்கிழமை அவர் 'குளம்' என்று எழுதி அடித்த தாள் என்னிடம் இருக்கிறது. அதனால் நான் நம்புகிறேன்.

திங்கட்கிழமை காலை ஏழேகாலுக்கு வேலி திறந்தது. கத்தியோடு போன செல்லையனை முதலாளியே தடுத்தார். "நில்லுலே, கம்பிய அறுக்காத. நானே அவுத்துத் தாறேன்." அவிழ்த்தார். பிறகு நடந்தது ஊர்வலம். அந்த வருஷங்களில் நான் பார்த்த ஊர்வலங்களில் இரண்டு கட்சியும் ஒரே திசையில் போனது இது ஒன்றுதான். முன்னால் நாலெல்லையார், பின்னால் கிழக்குப் பெஞ்சும் மேற்குப் பெஞ்சும், அதன் பின்னால் பள்ளிக்கூடப் பிள்ளைகள், கடைசியில் முதலாளியும் கூட. கோஷமும் கைதட்டலும் ஏலாவின் மறுகரையில் கேட்டதாம்.

வழியின் நடுவில் நாலெல்லையார் சட்டென்று நின்றார். கையைத் தூக்கினார். பின்னால் வந்தவர்கள் ஒருவர்மேல் ஒருவர் மோதி நின்றார்கள்.

"என்ன அண்ணே? பாம்பா?"

"சத்தம் போடாதயும்."

சருகில் ஏழெட்டுத் தவிட்டுக்குருவிகள். எந்த வீட்டு முற்றத்திலும் விரட்டிவிடுகிற, பெயர்கூடச் சரியாகச் சொல்லாத, வெறும் தவிட்டுக்குருவிகள். ஆறு மாதம் பார்க்காமல் இருந்தவர் குழலை எடுத்துக் கண்ணில் வைத்துக்கொண்டார். முதலில் சிலர் சிரித்தார்கள். "நடயும் அண்ணே, பள்ளிக்கூடம் மணியடிக்கும்" என்றது ஒரு குரல். அவர் கேட்கவில்லை. கொஞ்ச நேரத்தில் சிரிப்பு அடங்கியது. அவ்வளவு பெரிய ஊர்வலம், அத்தனை வாய்களோடு, ஒன்பது நிமிஷம் மூச்சுவிடாமல் நின்றது. நான் கடிகாரம் பார்த்தேன்.

அந்த வழியில் இப்போதும் நான் தினமும் போகிறேன். எனக்கு முன்னால் போகிற யாராவது காரணமில்லாமல் நின்றுவிட்டால், அவசரம் எவ்வளவு இருந்தாலும், அவரைத் தாண்டிப் போக எனக்கு மனம் வருவதில்லை.